இணைய ரிசீவரில் கேட்டீர்களா? அதையும் லாகில் எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். புயல், வெள்ளம் என்று வரும்போதெல்லாம் தமிழ் நாளிதழ்களில் ஹாம் வானொலிக்காரர்களை (உரிமம் பெற்று ஆர்வத்துக்காக வானொலியில் பேசுபவர்களை) பற்றி ஒரு பத்தியாவது வருகிறது. மற்ற நாட்களில் அவர்கள் என்ன செய்கிறார்கள், எதில் தடுமாறுகிறார்கள் என்பது அச்சேறுவது அபூர்வம். 40 மீட்டர் (7 மெகாஹெர்ட்ஸ்) அலைவரிசையின் காலை நேர நெட்களில், அதாவது பலர் ஒரே ஃப்ரீக்வென்சியில் கூடிப் பேசும் நேரங்களில், இப்போது அடிக்கடி எழும் ஒரு கேள்வியைத் தங்கள் வாசகர்கள் முன் வைக்க விரும்புகிறோம். சொந்த ஏரியலில் எதிராளியின் (மறுமுனையில் பேசுபவரின்) குரல் கேட்காதபோது, செல்பேசியில் இணைய ரிசீவரைத் திறந்து, அதில் கேட்டுப் பதில் சொல்வது சரியா?

இதை ஏமாற்று வேலை என்று ஒரு தரப்பு சொல்கிறது. இருக்கும் வசதியைப் பயன்படுத்தினால் என்ன தப்பு என்று இன்னொரு தரப்பு கேட்கிறது. எங்கள் நிலை இது: நம் ஒலிபரப்பு எப்படிப் போகிறது என்று நாமே கேட்டுச் சரிபார்க்க இணைய ரிசீவரைப் போல உதவும் கருவி வேறில்லை. எதிராளியைக் கேட்கவும் அதைப் பயன்படுத்தலாம். ஆனால் அதை அந்த நிமிடமே அவரிடம் சொல்ல வேண்டும், லாகிலும் (தொடர்புகளைக் குறிக்கும் பதிவேட்டிலும்) எழுத வேண்டும். விருதுக்கும் போட்டிக்கும் அந்தத் தொடர்பைக் கணக்கில் சேர்க்கவே கூடாது. புதிதாக உரிமம் வாங்கியவர்களுக்கு இந்த மூன்றையும் யாரும் முறையாகச் சொல்லித் தருவதில்லை. எப்படிச் செய்வது, எங்கே தவறும் என்பதையும் சேர்த்து எழுதுகிறோம். கடிதம் நீண்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

துறைக்கு வெளியே உள்ளவர்களுக்குச் சுருக்கமாக: ஏரியலில் வந்து விழும் அலைகளை அப்படியே எண்களாக்கி, வேண்டிய ஃப்ரீக்வென்சியை மென்பொருளால் பிரித்தெடுத்து, பிரவுசரில் ஒலியாகத் தருவதுதான் இணைய ரிசீவர். ஒரே ஏரியலை ஒரே சமயத்தில் பலர், ஆளுக்கொரு ஃப்ரீக்வென்சியில் கேட்கலாம். நெதர்லாந்தின் ட்விங்கலோவில் இருக்கும் 25 மீட்டர் ரேடியோ தொலைநோக்கியை, நிலவில் பட்டுத் திரும்பும் சிக்னல்களைக் கேட்க எல்லா ஹாம்களுக்கும் திறந்துவிடலாமே என்ற யோசனையில் தொடங்கியது வெப்எஸ்டிஆர். அதை எழுதியவர் பீட்டர் டியெர்க் டி பூர். அதே நாட்டின் ட்வென்டே பல்கலைக்கழகத்தில் உள்ள ரிசீவர் 29 மெகாஹெர்ட்ஸ் வரை முழுவதையும் தருகிறது. நியூசிலாந்தில் வடிவமைக்கப்பட்ட கிவிஎஸ்டிஆர் இன்னொரு வகை. 10 கிலோஹெர்ட்ஸிலிருந்து 30 மெகாஹெர்ட்ஸ் வரை கேட்கும், பொதுவாக நான்கு பேருக்கு இடம் கொடுக்கும், ஜிபிஎஸ்ஸை வைத்துத் தன் கடிகாரத்தைத் திருத்திக்கொள்ளும். மூன்றாவது, யார் வேண்டுமானாலும் சின்னக் கணினியில் நிறுவக்கூடிய ஓப்பன்வெப்ஆர்எக்ஸ்.

இவற்றின் தேவை நம் ஊரில் ஏன் இவ்வளவு கூடிவிட்டது? இரைச்சல்தான் காரணம். எல்இடி விளக்கின் டிரைவர், செல்பேசி சார்ஜர், இன்வெர்ட்டர், மாடிச் சோலார் என்று எல்லாவற்றிலும் மின்சாரத்தை அதிவேகமாக வெட்டி வெட்டி மாற்றும் ஸ்விட்ச்மோட் சப்ளை இருக்கிறது. விலை குறைக்க அதில் ஃபில்டரை விட்டுவிடுகிறார்கள். 7 மெகாஹெர்ட்ஸில் இது ‘ஸ்ஸ்’ என்ற சீறலாகவும், மின்கம்பத்தின் பழுதான இன்சுலேட்டர் 100 ஹெர்ட்ஸ் கரகரப்பாகவும் கேட்கும். நகரத்து வீட்டில் இரைச்சலே எஸ்8-ல் (சிக்னலின் வலுவைக் காட்டும் எஸ் மீட்டரில் 8) நிற்கிறது, கிராமத்தில் எஸ்3 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு எஸ் அளவுக்கு 6 டெசிபெல். ஐந்து எஸ் அளவுக்கு 30 டெசிபெல், அதாவது சக்தியில் 1000 மடங்கு. கிராமத்தில் தெளிவாகக் கேட்கும் எஸ்6 குரல் நகரத்தில் இரைச்சலுக்கு அடியில் புதைந்துவிடும். நகரத்தில் இருப்பவர் 100 வாட்டில் கூப்பிடுவார், எல்லோருக்கும் கேட்கும், பதில் சொல்பவர்கள் யாரும் அவருக்குக் கேட்க மாட்டார்கள். அவர் இன்னும் பெரிய ஆம்ப்ளிஃபயர் வாங்கினாலும் அவர் காது திறக்கப்போவதில்லை.

ஆகவே இணையத்துக்குப் போகுமுன் வீட்டைச் சோதியுங்கள். ரேடியோவை 12 வோல்ட் பேட்டரியில் ஓட்டி, வீட்டின் மெயின் ஸ்விட்சை அணையுங்கள். இன்வெர்ட்டரைத் தனியே அணைக்க மறக்காதீர்கள். மெயின் போனதும் அது தானாக ஓட ஆரம்பித்துக் கணக்கைக் கெடுத்துவிடும். எஸ் மீட்டர் எவ்வளவு இறங்குகிறது என்று குறித்துக்கொண்டு, எம்சிபிக்களை ஒவ்வொன்றாகப் போடுங்கள். எதைப் போட்டதும் முள் ஏறுகிறதோ அந்தச் சர்க்யூட்டில் உள்ள பொருட்களை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பாருங்கள். நாலைந்து எஸ் அளவுகூட இதிலேயே குறையலாம். மெயினை அணைத்தும் இறங்கவில்லை என்றால் இரைச்சல் பக்கத்து வீட்டிலிருந்தோ கம்பத்திலிருந்தோ வருகிறது. இணைய ரிசீவருக்கு உண்மையான வேலை அங்கேதான்.

இனி, நம் சிக்னலை நாமே கேட்பது. முதலில் டம்மி லோடில் (அலையை வெளியே விடாமல் பவரை உறிஞ்சிக்கொள்ளும் சுமையில்) டியூன் செய்துகொள்ளுங்கள். சோதிக்கப்போகும் ஃப்ரீக்வென்சி காலியா என்று சொந்த ரேடியோவிலும் இணைய ரிசீவரிலும், இரண்டிலுமே கேளுங்கள். உங்களுக்குக் காலியாகத் தெரியும் இடத்தில் அங்கே இரண்டு பேர் பேசிக்கொண்டிருக்கலாம். ரிசீவரில் 7 மெகாஹெர்ட்ஸுக்கு எல்எஸ்பி (கீழ்ப் பக்கப்பட்டை), 14-க்கு யுஎஸ்பி (மேல் பக்கப்பட்டை) என்று மாற்றுங்கள். பேசத் தொடங்குமுன் அங்குள்ள இரைச்சல் அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். பலர் இதைச் செய்யாமல் ‘எனக்கு எஸ்9 வந்தது’ என்று மகிழ்கிறார்கள். அங்கே இரைச்சலே எஸ்8 என்றால் அந்த எஸ்9-க்கு மதிப்பில்லை. இரைச்சல் எஸ்2 இருக்கும் இடத்தில் வரும் எஸ்5 அதைவிட எவ்வளவோ மேல். கிவியில் அளவு டிபிஎம்மில் (ஒரு மில்லிவாட்டோடு ஒப்பிட்ட டெசிபெல்) வரும். எஸ்9 என்பது மைனஸ் 73 டிபிஎம் என்று நினைவில் வைத்தால் கணக்கு எளிது.

இரண்டு ஏரியல்களை ஒப்பிடுவதுதான் இதன் தலையாய பயன். டைபோல் (இரண்டு பக்கமும் நீட்டிய கம்பி) நல்லதா, புதிதாக நட்ட வெர்ட்டிகல் (செங்குத்து ஏரியல்) நல்லதா என்ற வாதம் எந்த ஊர் ஹாம் கூட்டத்திலும் ஓய்வதில்லை. கோஆக்ஸ் (ஏரியல் கேபிள்) ஸ்விட்சில் இரண்டையும் மாட்டிக்கொள்ளுங்கள். ரிசீவர் பக்கத்தில் ஆடியோ ரெக்கார்டிங் வசதி இருந்தால் தொடங்குங்கள். கால் சைனை (நிலையத்தின் அடையாளக் குறியை) சொல்லி, ‘ஏரியல் ஒன்று’ என்று பத்து நொடி பேசுங்கள். ஸ்விட்சைத் திருப்பி ‘ஏரியல் இரண்டு’ என்று பத்து நொடி. பேச்சை நிறுத்திவிட்டுத்தான் ஸ்விட்சைத் திருப்ப வேண்டும். பவர் போய்க்கொண்டிருக்கும்போது திருப்பினால் ஸ்விட்சின் முனை கருகும், ஃபைனல் டிரான்சிஸ்டரும் போகலாம். இதைப் பத்து முறை மாற்றி மாற்றிச் செய்யுங்கள். அயனிமண்டலத்திலிருந்து (வானில் அலைகளைத் திருப்பி அனுப்பும் அடுக்கிலிருந்து) வரும் சிக்னல் சில நொடிகளிலேயே 10, 20 டெசிபெல் ஏறி இறங்கும் என்பதால் ஒரே ஒரு முறை பார்த்துச் சொல்லும் முடிவு காசைச் சுண்டிப் பார்ப்பதற்குச் சமம். பத்து அளவுகளையும் வரிசைப்படுத்தி நடுவில் உள்ளதை எடுங்கள். அருகில் ஒரு ரிசீவர், 2000 கிலோமீட்டருக்கு அப்பால் ஒன்று என இரண்டு இடங்களில் பாருங்கள். தாழ்வாகக் கட்டிய டைபோல் அருகில் ஜெயிக்கும், வெர்ட்டிகல் தூரத்தில் ஜெயிக்கும்; இரண்டு தரப்பும் சொன்னது சரியாகவே இருக்கும்.

வாட்டர்ஃபால் (சிக்னல்கள் கோடுகளாக வழியும்) படத்தையும் கவனியுங்கள், அதில் காதுக்குப் பிடிபடாதது தெரியும். எஸ்எஸ்பி (ஒற்றைப் பக்கப்பட்டை) குரல் சுமார் 2.7 கிலோஹெர்ட்ஸ் அகலத்துக்குள் அடங்க வேண்டும். நீங்கள் ‘ஹலோ’ என்று அழுத்திச் சொல்லும்போதெல்லாம் இரண்டு பக்கமும் பூச்சி பறப்பதுபோல் புள்ளிகள் சிதறினால், மைக் கெயின் அதிகம், ஏஎல்சி (தானாக அளவை அடக்கும் சுற்று) அளவு மீறி ஓடுகிறது என்று அர்த்தம். புள்ளிகள் மறையும்வரை கெயினைக் குறையுங்கள். குரலின் விளிம்பில் பேசாதபோதும் மெல்லிய கோடு ஒன்று நீண்டால் கேரியர் (குரலைச் சுமக்கும் அடிப்படை அலை) சரியாக அடங்கவில்லை. கேரியரை அனுப்பிப் பார்க்கும்போது அதன் இருபுறமும் 100 ஹெர்ட்ஸ் இடைவெளியில் கோடுகள் தெரிந்தால் சப்ளையின் ஃபில்டர் கெப்பாசிட்டர் களைத்துவிட்டது. ஒரு எச்சரிக்கை: பக்கத்து ஊர் ரிசீவரில் இதைச் சோதித்தால் உங்கள் வலுவான சிக்னலில் அந்த ரிசீவரே திணறி, இல்லாத சிதறலைக் காட்டும். கிவியில் அப்போது ஓவர்லோட் எச்சரிக்கை தெரியும். பவரைப் பத்தில் ஒரு பங்காகக் குறைத்துப் பாருங்கள். சிக்னல் 10 டெசிபெல் குறையும்போது சிதறல் மட்டும் அதைவிட மிக வேகமாகக் காணாமல் போனால் இரண்டில் ஒன்று திணறியிருக்கிறது. ரேடியோ தரப்பா, ரிசீவர் தரப்பா என்பதை வேறொரு தூர ரிசீவரில் பார்த்து முடிவு செய்யலாம்.

வீட்டிலேயே செட் கட்டுபவர்களுக்கு இன்னொன்று. ஹைதராபாத்தின் அஷார் ஃபர்ஹான் வடிவமைத்த பிட்எக்ஸ் வகைச் செட்களை நம் ஊரில் பலர் கட்டியிருக்கிறார்கள். கம்பிச்சுருளும் கெப்பாசிட்டரும் கொண்ட விஎஃப்ஓ (ஃப்ரீக்வென்சியை உருவாக்கும் பகுதி) சூடு ஏற ஏற நகரும். ஜிபிஎஸ்ஸால் திருத்தப்படும் கிவி ஒன்றில் யுஎஸ்பி வைத்து, உங்கள் கேரியருக்குச் சரியாக 1 கிலோஹெர்ட்ஸ் கீழே டியூன் செய்யுங்கள். ஸ்பீக்கரில் 1000 ஹெர்ட்ஸ் தொனி வர வேண்டும். அதைப் பதிந்து ஆடாசிட்டி என்ற ஒலி மென்பொருளில் ஸ்பெக்ட்ரம் பார்த்தால் 1040 என்று வருகிறதா, 960 என்று வருகிறதா என்பது தெரிந்துவிடும். உங்கள் டயல் 40 ஹெர்ட்ஸ் பிசகு. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை, சில நொடி மட்டும், கால் சைனோடு கேரியரைப் போட்டுப் பார்த்தால் எவ்வளவு நகர்கிறது என்ற அட்டவணையே கிடைக்கும். ஆனால் ரிசீவர் எதுவென்று பார்த்துச் செய்யுங்கள். கணினியில் செருகும் மலிவான டிவி டாங்கிளில் ஓடும் ரிசீவரின் கிறிஸ்டல் பத்து லட்சத்துக்கு 50 பங்கு பிசகினால் 7.1 மெகாஹெர்ட்ஸில் 355 ஹெர்ட்ஸ் தள்ளிக் காட்டும். அங்கே உங்கள் குரல் வாத்துக் குரலாகக் கேட்டால் உங்கள் செட்டைத் திருகத் தொடங்காதீர்கள்.

பலரும் கோட்டைவிடுவது தாமதத்தில். இங்கிருந்து நெதர்லாந்துக்குச் சுமார் 8000 கிலோமீட்டர். ரேடியோ அலை அதை 27 மில்லி நொடியில் கடந்துவிடும். அங்கிருந்து ஒலி இணையம் வழியே திரும்பி வரத்தான் அரை நொடியிலிருந்து இரண்டு நொடி வரை ஆகிறது. அதில் பெரும்பகுதி பிரவுசரின் பஃபர் (ஒலியைச் சேர்த்துவைக்கும் இடம்). எவ்வளவு என்று ஊகிக்க வேண்டாம், அளந்துவிடலாம். செல்பேசியின் ரெக்கார்டரை மேசையில் வைத்து ஓடவிடுங்கள். மோர்ஸ் கீயை ஒரு தட்டு தட்டுங்கள். செட்டின் சைட்டோன் (கீயைத் தட்டும்போது செட்டே எழுப்பும் ஒலி) ‘டிட்’ ஒன்றும், கணினியில் இணைய ரிசீவரின் ‘டிட்’ ஒன்றும் பதிவாகும். ஆடாசிட்டியில் இரண்டுக்கும் நடுவில் உள்ள தூரம்தான் தாமதம். அரை மணி கழித்து மறுபடி அளங்கள். வேகமில்லாத இணைப்பில் பஃபர் வளர்ந்துகொண்டே போகும். பக்கத்தை மீண்டும் ஏற்றினால் பழைய அளவுக்கு வரும்.

இந்தத் தாமதம் மூன்று வகையில் கெடுக்கிறது. உங்கள் குரலே சற்றுப் பின்னால் காதில் விழுந்தால் நாக்குக் குழறும். பழக்கப்பட்டவருக்கும் குழறும், பேசும்போது மூளை தன் குரலைக் கேட்டபடியே அடுத்த சொல்லை அமைக்கிறது. இரண்டாவது, கணினி ஸ்பீக்கரிலிருந்து அந்தக் குரல் மைக்கில் ஏறி மறுபடி காற்றில் போகும்; கேட்பவர்களுக்குக் கிணற்றுக்குள் பேசுவதுபோல் எதிரொலி. ஹெட்போன் கட்டாயம். பிடிடி (பேசும்போது அழுத்தும் பொத்தான்) அழுத்தும்போது கணினி ஒலியை அடக்கக் கால் ஸ்விட்ச் வைத்துக்கொள்ளலாம். செட்டையும் வெப்எஸ்டிஆரையும் ஒரே ஃப்ரீக்வென்சியில் கட்டிப்போடும் கேட்ஸிங்க் போன்ற மென்பொருளும் இருக்கிறது.

மூன்றாவதுதான் மற்றவர்களைப் பாதிப்பது. உங்கள் தாமதம் 1.2 நொடி என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் ‘ஓவர்’ சொல்லிப் பிடிடியை விடுகிறீர்கள். எதிராளி அரை நொடியில் பேசத் தொடங்குகிறார். அவர் குரல் உங்களுக்கு 1.7 நொடியில்தான் வரும். அதில் முதல் 1.2 நொடி உங்கள் பேச்சின் வால்தான் காதில் ஓடிக்கொண்டிருக்கும், பிறகு அரை நொடி மௌனம். அவருக்குக் கேட்கவில்லை போலிருக்கிறது என்று நீங்கள் மறுபடி கூப்பிட்டால் அவர் பேச்சின் மேல் ஏறிவிட்டீர்கள். பிடிடியை விட்டபின் மூன்று நொடி முழுதாகக் காத்திருங்கள். அவர் பேசி முடிக்கும்போதும் இதே கதைதான்: அவர் முடித்து 1.2 நொடி கழித்துத்தான் உங்களுக்குத் தெரியும். அந்த இடைவெளியில் இன்னொருவர் நுழைந்திருக்கலாம். அதனால்தான் நெட்டில் சேரும்போதே ‘இணைய ரிசீவரில் கேட்கிறேன்’ என்று நெட் கன்ட்ரோலரிடம் சொல்ல வேண்டும் என்கிறோம். அவர் உங்களுக்குக் கூடுதல் நொடி ஒதுக்குவார். மற்றவர்களும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

கணினி வழியே சிறு செய்திகளைப் பரிமாறும் எஃப்டி8 முறைக்கு இது இன்னும் கறாரானது. 15 நொடிச் சுற்றில் 12.64 நொடி ஒலிபரப்பு. தொடக்க நேரம் சுமார் 2.5 நொடிக்கு மேல் பிசகினால் டீகோட் ஆகாது. இணைய ரிசீவரின் ஒலியைக் கொடுத்தால் டிடி (நேர வித்தியாசம்) பத்தியில் எல்லோருக்கும் ஒரேயளவு தாமதம் தெரியும். அதைப் பார்த்துக் கணினிக் கடிகாரத்தைத் தள்ளிவைக்கிறவர்கள் உண்டு. வேண்டாம், உங்கள் ஒலிபரப்பும் அவ்வளவு தள்ளிப் போய், மற்றவர்களால் உங்களை டீகோட் செய்ய முடியாமல் போகும். மோர்ஸில் வேகமாக மாறிமாறிப் பேசுபவர்களுக்கு இந்த வழி உதவவே உதவாது.

எந்த ரிசீவரைத் தேர்ந்தெடுப்பது என்பதில் நம் ஊருக்கென்று ஒரு விசேஷம் உண்டு. தமிழகத்தின் தென்கோடி பூமியின் காந்த நடுக்கோட்டுக்கு மிக அருகில் இருக்கிறது. கேரளத்தின் தும்பாவில் 1963-ல் ராக்கெட் ஏவத் தொடங்கியதும், திருநெல்வேலி அருகே கிருஷ்ணாபுரத்தில் புவிக்காந்த ஆய்வகம் இருப்பதும் அதனால்தான். நம் தலைக்கு மேல் பகல் முழுக்க அயனிமண்டலத்தின் எஃப் அடுக்கு அடர்த்தியாக இருப்பதால் 7 மெகாஹெர்ட்ஸ் செங்குத்தாகப் போய்த் திரும்பி மதுரையையும் சென்னையையும் இணைக்கிறது. நண்பகலில் அதற்குக் கீழே உள்ள டி அடுக்கு அதை உறிஞ்சிக்கொள்வதால் குரல் மெலிகிறது. மாலை இருட்டியபின் அந்த எஃப் அடுக்கில் குமிழிகள் எழுந்து குரல் படபடவென்று நடுங்கும். இதையெல்லாம் ஐரோப்பாவில் இருக்கும் ரிசீவர் காட்டாது. மதுரைக்காரர் சென்னைக்காரரைக் கேட்க வேண்டுமானால் ரிசீவர் தென்னிந்தியாவிலோ இலங்கையிலோ இருக்க வேண்டும். ரிசீவரின் இடத்தில் பகலா இரவா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். இங்கே காலை ஏழு மணி என்றால் ட்வென்டே ரிசீவர் இருக்கும் என்ஸ்கெடேயில் நள்ளிரவு தாண்டியிருக்கும்.

நெட் கன்ட்ரோலர்களுக்கு இது நல்ல துணை. எந்த இடத்திலிருந்து கேட்டாலும் ஒரு சிலர் ஸ்கிப் பகுதியில் (சிக்னல் தாண்டிப் போய்விடும் இடத்தில்) விழுந்து காணாமல் போவார்கள். வெவ்வேறு திசையில் இரண்டு ரிசீவர்களைத் தனித்தனி டேபில் திறந்து, ஒன்றை ஊமையாக்கி வைத்து, தேவைப்படும்போது மாற்றிக் கேட்டால் ‘யாரோ மெல்லிசாகக் கூப்பிடுகிறார்கள்’ என்பது பெயரோடும் ஊரோடும் தெரிந்துவிடும். அவரை நேரடியாகக் கேட்கும் இன்னொருவரிடம் ரிலே செய்யச் சொல்லலாம். வேலை முடிந்ததும் டேபை மூடுங்கள். நான்கு பேருக்கு மட்டுமே இடம் உள்ள கிவியில், ஆளில்லாத அறையில் ஓடும் ஒரு டேப் இன்னொருவரின் இடத்தை அடைத்துக்கொண்டிருக்கும்.

நேர்மை பற்றியும் சொல்ல வேண்டும். இரண்டு நிலையங்களும் ஒன்றையொன்று தங்கள் ரேடியோவில் கேட்டு, கால் சைனையும் ரிப்போர்ட்டையும் (குரல் எப்படிக் கேட்கிறது என்ற குறிப்பையும்) பரிமாறிக்கொண்டால்தான் அது தொடர்பு. மதுரையில் ஒலிபரப்பி நெதர்லாந்தில் கேட்டால், உங்கள் நிலையத்தின் வாய் ஓரிடத்திலும் காது ஓரிடத்திலும் இருக்கிறது. பல நாடுகளோடு தொடர்பு கொண்டவர்களுக்குத் தரும் டிஎக்ஸ்சிசி விருதின் விதி, ஒரு தொடர்புக்குப் பயன்படுத்தும் டிரான்ஸ்மிட்டரும் ரிசீவரும் 500 மீட்டர் விட்டமுள்ள வட்டத்துக்குள் இருக்க வேண்டும் என்கிறது. பெரிய போட்டிகளிலும் நிலையத்துக்கு வெளியே உள்ள ரிசீவரில் கேட்க அனுமதியில்லை. இதை மீறினால் கண்டுபிடிப்பது கடினம் என்பது உண்மைதான். அதனாலேயே இது நம் கையில் இருக்கிறது. அபூர்வமான ஒரு தீவுக்குப் போய் வெயிலிலும் கொசுவிலும் பத்து நாள் உட்கார்ந்து கூப்பிடும் குழுவினர், தங்கள் குரல் உங்கள் கம்பியில் வந்து சேர்ந்ததாக நம்பித்தான் உங்கள் கால் சைனை எழுதிக்கொள்கிறார்கள்.

நண்பர்களோடு பேசும் சாதாரணப் பேச்சில் எந்தத் தடையும் இல்லை. ‘என் ஏரியலில் நீங்கள் கேட்கவில்லை, இணைய ரிசீவரில் 57’ (தெளிவு 5, வலு 7) என்று சொல்லுங்கள். வெறும் 57 என்றால் அவர் தன் ஏரியல் உங்கள் ஊர்வரை எட்டுகிறது என்று தப்பாக நினைத்துக்கொள்வார். அடுத்த வாரம் அதை நம்பி ஒரு மாற்றம் செய்வார். லாகில் குறிப்புப் பத்தியில் ‘கேட்டது இணையம்’ என்று எழுதி, ரிசீவர் இருக்கும் ஊரையும் சேருங்கள். அந்தத் தொடர்பை விருதுக்கான தளங்களில் ஏற்றாதீர்கள். பெரும்பகுதி சொந்த ரேடியோவில் கேட்டு, ஒரே ஒரு சொல்லை மட்டும் இணையத்தில் உறுதிப்படுத்திக்கொண்டாலும் இதே முறைதான்.

புயல் நாட்களுக்கு வருவோம், வாசகர்கள் எங்களை அறிந்தது அதனால்தானே. 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையின் பல பகுதிகளில் செல்பேசி அடங்கியது. 2018 நவம்பரில் கஜா வேதாரண்யம் பக்கம் கரையேறியபோது டெல்டா மாவட்டங்களில் மின்கம்பங்கள் வரிசையாகச் சாய்ந்தன. அப்படியொரு நாளில் முதலில் போவது இணையம். இணைய ரிசீவரில் மட்டுமே கேட்டுப் பழகிய நிலையம் அன்றைக்குச் செவிடாகிவிடும். ஆனால் ஒன்று: மின்சாரம் போனால் ஊர் முழுக்க எல்இடியும் சார்ஜரும் சேர்ந்தே அணைகின்றன. நேற்றுவரை எஸ்8 காட்டிய அதே செட், பேட்டரியில் ஓடும்போது எஸ்2-க்கு இறங்கும். அதே கம்பியில் தூரத்து நிலையங்கள் வரிசையாகக் கேட்கும். ஆகவே சங்கங்கள் மாதம் ஒருமுறையாவது, மெயினை அணைத்து, பேட்டரியில், இணையம் இல்லாமல் நெட் நடத்திப் பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம். இணையம் உயிரோடு இருக்கும் வெளியூர் நிலையங்கள் அப்போது இணைய ரிசீவரில் பாதிக்கப்பட்ட பகுதியைக் கேட்கலாம். உயிர் காக்கும் செய்திக்கு எந்தக் காதில் கேட்டது என்ற வாதம் கிடையாது. செய்தியை எழுதும் தாளில் ‘இணையத்தில் கேட்டது’ என்று ஒரு வரி இருந்தால் போதும், சந்தேகமான சொல்லை மறுபடி கேட்டு வாங்கலாம்.

கடைசியாக ஒரு கோரிக்கை, குறிப்பாகப் பொறியியல் கல்லூரிகளுக்கு. நமக்கு வேண்டிய ரிசீவர்கள் நம் மண்ணில், இரைச்சல் இல்லாத கிராமங்களில் இருக்க வேண்டும். பெரிய செலவில்லை. ராஸ்பெர்ரி பை 4 என்ற சின்னக் கணினி ஒன்று, அதில் செருகும் ஆர்டிஎல்-எஸ்டிஆர் வி3 டாங்கிள் ஒன்று, ஓப்பன்வெப்ஆர்எக்ஸ் மென்பொருள் இருந்தால் 40 மீட்டர் அலைவரிசை முழுவதையும் ஒரே நேரத்தில் திறந்துவிடலாம். வி3 டாங்கிளை டைரக்ட் சாம்பிளிங்கில் (சிக்னலை நேரடியாக எண்ணாக்கும் முறையில்) வைக்க வேண்டும். அது 8 பிட் கருவி, வலுத்த சிக்னலையும் மெலிந்ததையும் சேர்த்துக் கையாளும் எல்லை குறைவு. வலுவான மத்திய அலை நிலையம் அருகில் இருந்தால், உதாரணமாகத் தூத்துக்குடிப் பக்கம் 1053 கிலோஹெர்ட்ஸ், அந்த ஒரு சிக்னலே கருவியை நிரப்பிவிடும். எனவே சுமார் 3 மெகாஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டும் ஹைபாஸ் ஃபில்டர் ஏரியலுக்கும் டாங்கிளுக்கும் நடுவில் இருக்கட்டும்.

ஏரியலுக்குச் செப்புக் கம்பி டைபோல்; 7.1 மெகாஹெர்ட்ஸுக்கு ஒரு பக்கம் 10 மீட்டரும் ஒரு சாணில் பாதியும் விட்டால் தாராளம். கட்டடத்திலிருந்து 20, 30 மீட்டர் தள்ளிக் கட்டுங்கள். கோஆக்ஸின் வெளிப்பின்னல் வழியே வீட்டு இரைச்சல் ஏறி ஏரியல்வரை போகும்; அதைத் தடுக்க 31 வகை ஃபெரைட் வளையத்தில் கோஆக்ஸைப் பத்துப் பன்னிரண்டு சுற்றுச் சுற்றி, ஏரியல் முனையில் ஒன்றும் வீட்டுக்குள் நுழையும் இடத்தில் ஒன்றும் வையுங்கள். ராஸ்பெர்ரி பை கணினிக்குக் கொடுக்கும் 5 வோல்ட் சப்ளை மலிவானதாக இருந்தால் இவ்வளவு பாடும் வீண். அதுவே வாட்டர்ஃபாலில் சீரான இடைவெளியில் மேடு மேடாகத் தெரியும். சித்திரை வைகாசி இடிமழைக்கும் ஐப்பசி அடைமழைக்கும் கேஸ் டிஸ்சார்ஜ் குழாய் வைத்த அரெஸ்டர் (மின்னல் தடுப்பி), தரையில் அடித்த எர்த் கம்பி இரண்டும் வேண்டும். இடி கேட்டால் கோஆக்ஸைக் கழற்றிவிடுவதே பாதுகாப்பு.

இணைய இணைப்பில் ஒரு சிக்கல் வரும். மொபைல் இணைப்பிலும் பல பிராட்பேண்ட் இணைப்புகளிலும் நமக்கென்று தனிப் பொது முகவரி கிடைக்காது. போர்ட் ஃபார்வர்டிங் (ரூட்டரில் வெளியார் நுழைய வழி திறப்பது) செய்தாலும் வெளியிலிருந்து யாராலும் நுழைய முடியாது. ரூட்டரில் உள்ள வெளி முகவரியும், முகவரி காட்டும் இணையதளம் சொல்வதும் வேறுவேறாக இருந்தால் இதுதான் காரணம். நிலையான முகவரி கேட்டு வாங்குங்கள், இல்லையென்றால் ரிவர்ஸ் பிராக்ஸி (நடுவில் நின்று இணைத்துவிடும் வெளி சர்வர்) வழியே திறந்துவிடுங்கள். அமெச்சூர் அலைவரிசைகளை மட்டும் திறந்து வையுங்கள். பக்கத்தின் தலைப்பில் ஊர், கட்ட எண் (உலகைக் கட்டங்களாகப் பிரித்து இடத்தைச் சொல்லும் குறி, மதுரை என்றால் எம்ஜே99), ஏரியலின் வகை, உயரம், தாமதம் எவ்வளவு என்பதை எழுதிப் போடுங்கள். அதைப் படித்தால்தான் அங்கே 57 என்று கேட்டவர் அந்த எண்ணை வைத்து என்ன செய்வது என்று முடிவு செய்ய முடியும்.

73 (ஹாம் வழக்கில் நல்வாழ்த்துகள்).

இப்படிக்கு,
அமெச்சூர் வானொலி உரிமதாரர்கள் சிலர்,
மதுரை